கட்சி மாறினாலும் கண்காணிப்பு மாறாதது ஏன்? அமெரிக்க அதிபர்களும் ஃபைசா சட்டமும்

இளவேனில் (கேள்வி):

எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது எதிர்ப்பது, நாற்காலி கிடைத்ததும் அதையே நீட்டிப்பது: அமெரிக்காவில் வெகுஜனக் கண்காணிப்பு விஷயத்தில் இது அச்சு அசலாக நடக்கிறது. கண்காணிப்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களுக்குப் பின்தேதியிட்டு வழக்கு விலக்கு தரும் எந்த மசோதாவையும் முடக்கத் துணை நிற்பார் என்று ஒபாமாவின் பிரசாரக் குழு 2007 அக்டோபரில் அறிவித்தது. 2008 ஜூலை 9 அன்று அதே விலக்கு அடங்கிய ஃபைசா (வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம்) திருத்தச் சட்டத்துக்கு அவரே ஆதரவு வாக்களித்தார். செனட்டில் 69க்கு 28. 2018 ஜனவரி 11 காலையில் ட்ரம்ப் அந்தச் சட்டத்தைச் சாடி ட்வீட் போட்டார், இரண்டு மணி நேரத்துக்குள் ஆதரித்து இன்னொன்று போட்டார், மறுவாரமே ஆறு ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்தும் போட்டார்.

தனிமனித இரட்டை வேடம் என்று இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. அதிபர் பதவியிலேயே என்ன இருக்கிறது? நீதிமன்றமும் நாடாளுமன்றமும் நடுவில் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? எந்தத் திட்டமாவது உண்மையில் நின்றிருக்கிறதா, நின்றிருந்தால் எதனால்? சட்டத்தைப் படித்தவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

திருமாறன்:

பழி எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு அதிபர் ஒரு திட்டத்தை நிறுத்துகிறார் என்று வையுங்கள். அடுத்த மாதம் எங்கேயாவது குண்டு வெடித்தால், இரண்டுக்கும் ஒட்டு உறவே இல்லாவிட்டாலும் "நீங்கள் நிறுத்தினீர்களே" என்று விசாரணைக் குழு உட்காரும். நிறுத்தாமல் விட்டால்? கோடிக்கணக்கானோரின் அழைப்புப் பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். தன் பதிவு அதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் இன்ன நஷ்டம் என்று காட்ட முடியாது. அதனால் வாக்குச்சாவடியில் அதற்கு விலை இல்லை.

வாக்காளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பியூ ஆய்வு மையம் 2006இலும் 2013இலும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டது. புஷ் காலத்தில் என்.எஸ்.ஏ. (தேசியப் பாதுகாப்பு முகமை) கண்காணிப்பை ஏற்ற குடியரசுக் கட்சியினர் 75 சதவீதம், ஒபாமா காலத்தில் 52. ஜனநாயகக் கட்சியினர் 37இலிருந்து 64க்கு ஏறினார்கள். ஒற்றுக் கேட்பவர் நம்மாள் என்றால் சரி என்பதுதான் இதன் பொருள். ஆக ஒரு அதிபர் தனக்கு முன்னிருந்தவரின் திட்டத்தைத் தொடரும்போது, எதிர்த்துக் கத்தியிருக்க வேண்டிய கூட்டமே அவருடைய சொந்தக் கூட்டமாக இருக்கிறது.

இதற்கு மேல் ஒரு இயந்திர ஏற்பாடும் உண்டு. புஷ் 2001 அக்டோபர் 4 அன்று நீதிமன்றத்துக்கு வெளியே தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்தை (பின்னாளில் ஸ்டெல்லர் விண்ட் என்று அறியப்பட்டது) ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அச்சுறுத்தல் இன்னும் நீடிக்கிறது என்று ஒரு மதிப்பீட்டுக் குறிப்பு வரும். அதைக் காட்டி கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் குறிப்புகளுக்கு உள்வட்டத்தில் இருந்த பட்டப்பெயர் "பயமுறுத்தும் குறிப்பு". 2009இல் ஐந்து துறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. அச்சுறுத்தல் குறைந்துவிட்டது என்று எழுதி, அதனால் திட்டம் நின்று, பிறகு ஏதாவது நடந்தால் எழுதியவர் கதி என்ன? ஆகவே அப்படி எழுதப்படாது. 45 நாள் கெடு என்பது மறுபரிசீலனை போலத் தெரியும். கெடுவின்போது கூட்டிச் சொல்லத்தான் ஆள் இருக்கிறது, குறைத்துச் சொல்ல ஆள் இல்லை.

சட்டக் கருத்து எழுதியவர் விஷயம் இன்னும் மோசம். 2003 வரை நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத்தில் இந்தத் திட்டம் தெரிந்திருந்த ஒரே ஆள் ஜான் யூ. அவருடைய மேலதிகாரிக்கே தெரியாது. ஒருவர் எழுதிய கருத்தை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே நின்றுபோயிருந்தது. யாருக்குத் தெரியலாம் என்ற பட்டியல் வெள்ளை மாளிகையின் கையில் இருந்ததால், எதிர்க்கருத்தும் வெள்ளை மாளிகையின் கையில் இருந்தது.

பனைமரக்காடு:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? அதிபர்கள் வெறும் பொம்மை. என்.எஸ்.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து யார் வந்தாலும் மிரட்டி வைக்கிறார்கள். எஃப்.பி.ஐ.யை நெடுநாள் நடத்திய ஹூவர் காலத்திலிருந்து இதுதான் கதை.

திருமாறன்:

பனைமரக்காடு, 2004 மார்ச் உங்கள் கருத்துக்கு நேர் எதிர். அப்போது இழுத்துப் பிடித்தது அதிகார வர்க்கம், தள்ளியது வெள்ளை மாளிகை. இணையத் தரவை மொத்தமாக அள்ளும் பகுதிக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று நீதித்துறை சொன்னது. மார்ச் 10 இரவு, நீதித்துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போது வெள்ளை மாளிகை வழக்கறிஞர் கொன்சாலஸும் அதிபரின் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ கார்டும் கையெழுத்துக்காக அங்கேயே போனார்கள். அவர் மறுத்தார். மறுநாள் அட்டர்னி ஜெனரல் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் கொன்சாலஸ் கையெழுத்திட்டு ஆணை புதுப்பிக்கப்பட்டது. துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோமியும் எஃப்.பி.ஐ. இயக்குநர் முல்லரும் உட்படப் பலர் ராஜினாமாவுக்குத் தயாரான பிறகே புஷ் பின்வாங்கினார். தேர்தல் ஆண்டில் நீதித்துறைத் தலைமை கூண்டோடு விலகுவது என்பது பெயர் போட்ட, தேதி போட்ட நஷ்டம். அதிபர் கணக்கில் இப்படிப்பட்ட நஷ்டம்தான் ஏறும்.

ஆனால் கொண்டாட வேண்டாம். மார்ச் கடைசியில் நிறுத்தப்பட்ட அந்த இணைய மெட்டாடேட்டா (யார், யாரோடு, எப்போது என்ற விவரம்) சேகரிப்பு, 2004 ஜூலை 14 அன்று ஃபைசா நீதிமன்றத்தின் (உளவுக் கண்காணிப்பு மனுக்களை ரகசியமாக விசாரிக்கும் நீதிமன்றம்) ஆணையோடு திரும்ப வந்தது. சேகரிப்பு ஏறக்குறைய அதேதான். மேலே நீதிபதி கையெழுத்து கூடுதல்.

சட்டமணி:

ஃபைசா நீதிமன்றத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் ஒரே புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: 1979 முதல் 2012 வரை 33,900க்கு மேல் அனுமதி, மறுப்பு வெறும் 11. ரப்பர் ஸ்டாம்ப் என்று அதை வைத்து வாதாடாதீர்கள், தோற்பீர்கள். மனு முறையாகத் தாக்கலாகும் முன்பே நீதிமன்ற ஊழியர்கள் வரைவைப் பார்த்துத் திருத்தச் சொல்கிறார்கள், சில மனுக்கள் திரும்பப் பெறப்படுகின்றன. 2013இல் மூன்று மாதக் கணக்கெடுத்தபோது 24.4 சதவீத மனுக்கள் கணிசமாக மாற்றப்பட்டதாக அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வால்டன் செனட்டுக்கு எழுதினார்.

நீதிமன்றம் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது என்பதுதான் உண்மையான கோளாறு. 1978 ஃபைசா சட்டத்தில் ஒரு ஆள், ஒரு மனு, ஒரு வாரண்ட். 2008இல் சேர்ந்த 702ஆம் பிரிவில் நீதிபதி எந்த ஆளையும் பார்ப்பதில்லை. அட்டர்னி ஜெனரலும் தேசிய உளவுத்துறை இயக்குநரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் தருவார்கள். இலக்கைத் தேர்ந்தெடுக்கும் விதிகள், தரவைக் குறைத்து வைக்கும் விதிகள், தேடும் விதிகள் மூன்றும் சட்டப்படி இருக்கின்றனவா என்று மட்டும் நீதிமன்றம் பார்க்கும். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர் அல்லாத இலக்குகள் 2013இல் 89,138, 2023இல் 2,68,590. இத்தனைக்கும் சேர்த்து விதிப்புத்தகத்துக்குத்தான் அனுமதி. அந்த இலக்குகளோடு பேசிய அமெரிக்கர்களின் பேச்சும் வலையில் சேர்ந்தே வருகிறது.

விதி மீறப்பட்டதா என்று நீதிமன்றம் தானாகக் கண்டுபிடிக்காது, அரசே சொன்னால்தான் தெரியும். 2009 ஆரம்பத்தில் வெளிவந்தது ஒரு நல்ல உதாரணம்: தினசரி அழைப்புப் பதிவுகளோடு ஒப்பிட என்.எஸ்.ஏ. வைத்திருந்த எச்சரிக்கைப் பட்டியலில் 17,835 எண்கள். நீதிமன்றம் விதித்த சந்தேக அளவுகோலில் தேறியவை 1,935. 2006 முதல் நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டு வந்தது வேறு. வால்டன் கடுமையாகக் கண்டித்து, ஒவ்வொரு தேடலுக்கும் முன் அனுமதி கேட்க வைத்தார். ஆனால் சில மாதங்களில் கட்டுப்பாடு தளர்ந்தது, திட்டம் தொடர்ந்தது.

வெளி நீதிமன்றங்களில் வழக்குப் போடலாமே என்பீர்கள். அங்கே இரண்டு பூட்டு. முதல் பூட்டு, வழக்குத் தொடரும் தகுதி: 2013 பிப்ரவரியில் கிளாப்பர் எதிர் அம்னஸ்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில், கண்காணிக்கப்பட்டதாக நிரூபிக்க முடியாதவர் வழக்குத் தொடர முடியாது என்றது. குற்றவழக்கில் இந்தத் தரவு பயன்பட்டால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிவிப்பு தருவோம், அவர்கள் வழக்காடிக்கொள்ளட்டும் என்று அரசு வழக்கறிஞர் அந்த வழக்கில் உறுதி சொன்னார். அதுவரை ஒருவருக்கும் அறிவிப்பு தரப்பட்டிருக்கவில்லை. முதல் அறிவிப்பு 2013 அக்டோபரில்தான் போனது. இரண்டாம் பூட்டு அரசு ரகசிய உரிமை. அதன் வேர் 1953ஆம் ஆண்டு ரெனால்ட்ஸ் தீர்ப்பு: 1948இல் ஜார்ஜியாவில் விழுந்த பி-29 விமானத்தின் விபத்து அறிக்கையை ரகசியம் என்று தர மறுத்தார்கள், நீதிபதிகள் அறிக்கையைப் பார்க்காமலே ஒப்புக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ரகசியம் நீக்கி வெளிவந்தபோது, அதில் இருந்தது பராமரிப்புக் குறைகள். நிர்வாகத்துக்கு எந்த வாதம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கயல்_ர:

நாடாளுமன்றத்தை விட்டுவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கோபம்.

2003 ஜூலை 17 அன்று செனட் உளவுக் குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜே ராக்கஃபெல்லர், துணை அதிபர் செய்னிக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினார். திட்டத்தைப் பற்றி அவருக்கு விளக்கம் தரப்பட்டிருந்தது, ஆனால் தன் அலுவலக ஊழியரிடமோ வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஆகவே சரியா தவறா என்று மதிப்பிட வழியில்லை என்று எழுதி, ஒரு பிரதியை உறையிலிட்டு முத்திரை வைத்துக் குழுவின் பெட்டகத்தில் பூட்டினார். இதுதான் விளக்கம் தருவதன் லட்சணம். நாளைக்கு விவகாரம் வெடித்தால் "உங்களுக்கும்தான் சொன்னோமே" என்று நிர்வாகம் பங்காளி சேர்த்துக்கொள்ளலாம், சொல்லப்பட்டவருக்கோ வாய்ப்பூட்டு.

அடுத்தது காலாவதி தேதி. சட்டத்துக்குக் கெடு வைத்தால் நாடாளுமன்றம் கட்டாயம் விவாதிக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடப்பது, கடைசி வாரம் வரை இழுத்து "இன்று நள்ளிரவு கண்ணைக் கட்டிவிடப் போகிறீர்களா" என்று கேட்பது. 2011 மே 26 அன்று தேசபக்திச் சட்டப் பிரிவுகள் காலாவதியாக இருந்தன. ஒபாமா ஜி-8 மாநாட்டுக்காகப் பிரான்ஸில் இருந்தார். நள்ளிரவுக்குச் சற்று முன்பு தானியங்கிப் பேனாதான் அவர் கையெழுத்தைப் போட்டது. 2023 டிசம்பரில் 702ஐ ராணுவச் செலவு அனுமதி மசோதாவில் ஒட்டி ஏப்ரல் வரை தள்ளினார்கள். 2024 ஏப்ரல் 12 அன்று 702இல் சேர்ந்த தரவில் அமெரிக்கர் பெயரைப் போட்டுத் தேட வாரண்ட் வேண்டும் என்ற திருத்தம் கீழவையில் 212–212 என்று சமநிலையில் தோற்றது.

அந்த நள்ளிரவுப் பூச்சாண்டியே பாதி பொய். சட்டம் காலாவதியானாலும், அதற்கு முன் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஓராண்டுச் சான்றிதழ் தன் ஆயுள் முடியும்வரை செல்லும் என்று 2008 சட்டத்திலேயே இடைக்கால விதி இருக்கிறது. 2024 ஏப்ரல் வாக்கெடுப்புக்கு முன்பே நீதிமன்றம் 2025 ஏப்ரல் வரைக்குமான சான்றிதழ்களைப் புதுப்பித்துவிட்டது. சேகரிப்பு அன்றிரவு நின்றிருக்காது.

இளவேனில்:

நன்றி. மூன்றாவது கேள்வி மிச்சம்: நின்ற திட்டம் எது? இன்னொன்று, சீர்திருத்த மசோதா என்று ஒன்று வந்தால் எந்தப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பது?

நெடுஞ்செழியன்_தரவு:

நின்றவை உண்டு. காரணம் பெரும்பாலும் மனசாட்சி அல்ல, பராமரிப்புத் தொல்லை.

தேசபக்திச் சட்டத்தின் 215ஆம் பிரிவில் நடந்த அழைப்புப் பதிவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூனில் என்.எஸ்.ஏ. ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்கள் வந்ததும் 54 சதிகளை முறியடித்தோம் என்றார்கள். உரித்துப் பார்த்தபோது இந்தத் திட்டத்தின் தனிக்கணக்கில் மிஞ்சியது ஒரே வழக்கு, சோமாலியத் தீவிரவாத அமைப்பான அல்-ஷபாபுக்குப் போன 8,500 டாலர் தொடர்பானது. பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவைக்கூட இது மாற்றியதாகத் தெரியவில்லை என்று தனியுரிமை மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் எழுதியது. 2015 ஜூன் 2 அன்று புதிய சட்டம் வந்தது: மொத்தப் பதிவும் நிறுவனங்களிடமே இருக்கும், அரசு இலக்கைச் சொல்லி இரண்டு தாவல் வரை (இலக்கோடு பேசியவர்கள், பிறகு அவர்களோடு பேசியவர்கள்) கேட்டு வாங்கும். கேட்கக் கட்டுப்பாடு போலத்தான் இருக்கிறது. 2017இல் 40 இலக்குகளுக்கு வந்து விழுந்த பதிவுகள் 53.4 கோடி! அழைப்புகள், குறுஞ்செய்திகள், ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருவது எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை அது. ஆள் கணக்கு இல்லை. ஆனாலும் இரண்டு தாவல் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுகிறது.

அதை முடித்தது எது? நிறுவனங்கள் அனுப்பிய பதிவுகளில் பிழையான தரவும் வந்து சேர்ந்தது. எது சரி, எது தவறு என்று பிரிக்க முடியாமல் 2018இல் என்.எஸ்.ஏ. 2015 முதல் சேர்த்த எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கியது. 2019 தொடக்கத்தில் திட்டமே நிறுத்தப்பட்டது. 2015 முதல் 2019 வரை செலவு 10 கோடி டாலர், எஃப்.பி.ஐ.யிடம் ஏற்கெனவே இல்லாத தகவல் தந்தது இரண்டு முறை. வேடிக்கை என்னவென்றால், திட்டம் நின்ற பிறகும் அந்த அதிகாரத்தை நிரந்தரமாக்கச் சொல்லி நிர்வாகம் 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு எழுதியது. பயன்படாத அதிகாரத்தையும் விடமாட்டேன் என்பதுதான் பதவியின் இயல்பு. 2004இல் திரும்பி வந்ததாகத் திருமாறன் சொன்ன இணைய மெட்டாடேட்டா 2011 கடைசியிலும், இலக்கைப் "பற்றி" மூன்றாம் ஆட்கள் எழுதியதையும் அள்ளும் முறை 2017 ஏப்ரலிலும் இதே வழியில்தான் ஓய்ந்தன: விதிப்படி நடத்த ஆகும் பாடு பலனை மீறிவிட்டது. ஆகவே விதிமீறலைக் கணக்கெடுத்து அறிவிக்கும் கடமையைச் சட்டத்தில் இறுக்குவது சலிப்பான வேலையாகத் தெரியலாம், பலன் தருவது அதுதான்.

மசோதா வந்தால் முன்னுரையைத் தாண்டி வரையறைப் பகுதிக்குப் போங்கள். 702ஐ நீட்டித்த 2024 சட்டத்தில் வாரண்ட் பற்றி எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "மின்னணுத் தகவல் தொடர்புச் சேவை வழங்குநர்" என்ற வரையறையை விரித்து, தகவல் கடக்கும் கருவியை அணுகக்கூடிய வேறு சேவை நிறுவனங்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். விடுதி, உணவகம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு எழுத வேண்டிய அளவுக்கு அது அகலம்.

பிறகு சேகரிப்பைவிடத் தேடல் விதியைப் பாருங்கள். அமெரிக்கர் பெயரைப் போட்டு எஃப்.பி.ஐ. தேடிய எண்ணிக்கை 2021இல் 34 லட்சம் வரை போனது. அதில் ஏறத்தாழ 19 லட்சம், முக்கியக் கட்டமைப்புகளை ஊடுருவ நடந்த ஒரே முயற்சியின் விசாரணையில். அந்தக் காலத்து மென்பொருளில் 702 தரவு முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும், வேண்டாம் என்றால் ஊழியர்தான் எடுக்க வேண்டும். 2021 நடுவில் அதைத் தலைகீழாக்கி, வேண்டுமென்றால் டிக் செய் என்று மாற்றினார்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட பெயர்களை மொத்தமாகத் தேட வழக்கறிஞர் ஒப்புதல் கட்டாயமானது. 2023 கணக்கு 57,094. இடையில் எண்ணும் முறையும் மாறியதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துக் கழிக்காதீர்கள், ஆனால் வீழ்ச்சி உண்மை. ஒரு டிக் கட்டம் செய்த வேலை இது. அரசியல் உள்நோக்கம் இருந்ததா என்று பார்க்க வேண்டுமானால், 2022 ஏப்ரல் நீதிமன்றத் தீர்ப்பைப் படியுங்கள்: முறையற்ற தேடல்களில் 2020 போராட்டங்களில் கைதானவர்கள் 133 பேர், நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவருக்கு நன்கொடை கொடுத்த 19,000 பேர், 2021 ஜனவரி 6 தொடர்பானவர்கள் என எல்லாத் தரப்பும் இருக்கிறது. வாரண்ட் கேட்கும் ஆட்களும் இரு கட்சியிலும் இருக்கிறார்கள்.

மேற்பார்வையாளரை யார் நீக்கலாம் என்பது இன்னொரு வரி. தனியுரிமை வாரியத்தில் ஐந்து இடம், மூவர் இல்லாமல் வாரியமாக முடிவெடுக்க முடியாது. 2025 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி சார்ந்த மூன்று உறுப்பினர்கள் நீக்கப்பட்டு மிஞ்சியது ஒருவர். காரணமின்றி நீக்கக்கூடாது என்று சட்டத்தில் எழுதாத மேற்பார்வை அமைப்புக்கு இந்த கதி எப்போதும் வரலாம்.

கடைசியாக, கதவை அடைத்தால் சன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ உள்ள கைப்பேசி இருப்பிடத் தகவலுக்கு வாரண்ட் வேண்டும் என்று 2018இல் கார்ப்பெண்டர் தீர்ப்பு சொன்னது. அதே வகைத் தகவலைத் தரவுத் தரகரிடம் காசு கொடுத்து வாங்கினால் வாரண்ட் தேவையில்லை என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. அதைத் தடுக்கும் மசோதா 2024 ஏப்ரல் 17 அன்று கீழவையில் 219–199 என்று தேறியது, செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. வெளிநாட்டில் நடக்கும் சேகரிப்பு பெரும்பாலும் 1981இல் ரீகன் போட்ட 12333ஆம் நிர்வாக ஆணையில் ஓடுகிறது. அதற்கு ஃபைசா நீதிமன்றமும் இல்லை, காலாவதியும் இல்லை. உங்கள் மசோதா இந்த இரண்டையும் தொடவில்லை என்றால், அது 702இன் ஒரு மூலையை மட்டும் திருத்துகிறது என்று எடுத்துக்கொண்டு படியுங்கள்.